வெளிப்பூச்சுக்கு எந்தச் சாரம்: சவுக்கா, எச் ஃபிரேமா, கப்லாக்கா?

கட்டுவேலை முடிந்து வெளிப்பூச்சுக்கு நாள் பார்க்கும்போதுதான், ஆட்கள் ஏறி நின்று வேலை பார்க்கக் கட்டும் சாரத்தைப் பற்றிய பேச்சே வருகிறது. அதுவும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. "சென்ட்ரிங்குக்கு வாங்கின சவுக்குக் கம்பு அப்படியே கிடக்குதே மேஸ்திரி, அதிலேயே கட்டிக்கலாம்ல?" என்பார் வீட்டுக்காரர். "கட்டிக்கலாம் சார்" என்பார் மேஸ்திரி. ஆறு வாரம், பத்துப் பேர், நாள் முழுக்க ஏறி இறங்கி நின்று வேலை பார்க்கப்போகிற இடம் அது. அதற்கு இந்த யோசனை போதாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பேச வசதியாக ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தரைத்தளம், மேலே மூன்று மாடி. நீளம் 14 மீட்டர், அகலம் 9 மீட்டர், கைப்பிடிச் சுவரின் தலை வரை 13 மீட்டர் உயரம். முன்னால் தெரு, தெருவோரம் மின்கம்பி. இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் சந்து. பின்னால் செப்டிக் டேங்க். சென்னைப் புறநகரிலும் மதுரையிலும் கோவையிலும் தெருவுக்குத் தெரு எழும்பிக்கொண்டிருப்பது இதுபோன்ற கட்டடம்தான். பெரிய நிறுவனங்களின் சைட்டில் பாதுகாப்பு அதிகாரி என்று தனியாக ஒருவர் இருப்பார். இங்கே அந்த ஆள் கிடையாது. வீட்டுக்காரரும் மேஸ்திரியும் எடுக்கிற முடிவே கடைசி முடிவு.

முதலில், வேண்டவே வேண்டாம் என்று நான் ஒதுக்குவதைச் சொல்லிவிடுகிறேன்: ஒற்றைச் சாரம். வெளிப்பக்கம் மட்டும் ஒரு வரிசைக் கால் நிற்கும். குறுக்குக் கம்பின் மறுமுனை சுவரில் விட்ட துளைக்குள் உட்கார்ந்திருக்கும். கம்பு பாதி மிச்சம், அதனால் இன்னமும் இந்தப் பழக்கம் போகவில்லை. சாரத்தின் பாதிச் சுமையைத் தாங்குவது நேற்றோ முந்தாநாளோ வைத்த செங்கல் என்பதுதான் இதில் சிக்கல். 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில், ஒரு மின்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே சாரம் தரையில் நிற்கவில்லை. முந்தின நாள் போட்ட கான்கிரீட்டைப் பிடித்துக்கொண்டு கோபுரத்தோடு மேலே மேலே ஏறியது. அந்தக் கான்கிரீட் போதுமான அளவு இறுகியிருக்கவில்லை. சாரமும் கான்கிரீட்டும் சேர்ந்தே உரிந்து விழுந்து 51 பேர் இறந்தார்கள். நம் மூன்று மாடிக்கும் அந்தக் கோபுரத்துக்கும் அளவில் ஒப்பே இல்லை. ஆனால் இன்னும் பலம் பிடிக்காத ஒன்றின் மேல் சாரத்தைத் தொங்கவிடுகிற தவறு ஒன்றுதான். தவிர, அந்தத் துளைகளைக் கடைசியில் அவசரமாக அடைப்பார்கள். அடுத்த மழைக்கு உள்சுவரில் ஈரம் தெரியும்.

சவுக்கு இரட்டைச் சாரத்தை, அதாவது சுவரில் துளை விடாமல் உள்ளும் வெளியும் இரண்டு வரிசைக் காலில் நிற்பதை, அப்படி ஒரேயடியாக ஒதுக்க எனக்கு மனமில்லை. கடலூர், விழுப்புரம் பக்கத்து மணற்காட்டில் விளைந்து வருகிற சவுக்கு, நேரான, கனமான, நல்ல மரம். கை தேர்ந்த சாரக்காரர் ஒருவர் கட்டி நான் பார்த்திருக்கிறேன். முடிச்சு விழுந்த இடத்தில் கம்பு அசையவில்லை, அசைத்துப் பார்த்தும் அசையவில்லை. ஆனால் அந்தக் கை இப்போது குறைந்துவிட்டது. இரண்டு கம்பு ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், இந்தச் சாரம் இவ்வளவு கிலோ தாங்கும் என்று யாராலும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. முடிச்சின் பலமும் அப்படித்தான். நார்க்கயிறு மழையில் இறுகும், காய்ந்தால் தளரும். பிளாஸ்டிக் கயிறு வழுக்கும், நாலைந்து மாத வெயிலில் நைந்துபோகும். மண்ணில் ஊன்றிய அடிக்கம்பைக் கரையான் உள்ளிருந்து தின்றிருப்பது மேலே பார்த்தால் தெரியாது.

ஆகவே சவுக்குக்கு நான் வைத்திருக்கும் எல்லை ஒரு கம்பு உயரம். நிற்கும் காலில் ஒட்டுப்போடாமல், ஒரே கம்பில் முடிகிற வேலை, அதாவது தரைத்தளமும் முதல் மாடியின் ஒரு பகுதியும். அதற்கு மேல் போனால் கம்போடு கம்பைச் சேர்த்து ஒட்டுக் கட்ட வேண்டும். அந்த நொடியிலிருந்து மேலே நிற்கிற எல்லோருடைய எடையும் கயிற்றில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நம் 13 மீட்டர் கட்டடத்தில் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது இரண்டு ஒட்டு வரும். எனவே இந்தக் கட்டடத்துக்குச் சவுக்கு வேண்டாம்.

மிஞ்சுவது இரும்பு. அதில் எச் ஃபிரேம், கப்லாக், வெறும் பைப்பும் கிளாம்ப்பும் என்று மூன்று வழி.

எச் ஃபிரேம் என்பது ஆங்கில எச் எழுத்துபோல் பற்றவைத்த இரும்புச் சட்டம். கட்டுவது எளிது. ஃபிரேமை நிறுத்தி, இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பிகளை மாட்டி, அதன் மேல் அடுத்த ஃபிரேமைச் சொருகினால் எழும்பிவிடும். நேராகப் போகிற பின்சுவருக்கு இதைவிட வேகமானது இல்லை. இதில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறைகள் மூன்று. ஒன்று, ஃபிரேமுக்கு ஃபிரேம் சேரும் இடத்தில் போடவேண்டிய பூட்டு ஆணி இருக்காது. காற்று தூக்கினாலோ மேலே பொருளை இழுக்கும்போது கொக்கி மாட்டினாலோ மேல் ஃபிரேம் கழன்று எழும்பும். இரண்டு, அந்தப் பெருக்கல் குறி வடிவக் குறுக்குக் கம்பியையே கைத்தடுப்பு என்று எண்ணிக்கொள்வது. அதன் நடுவில் ஓர் ஆள் தாராளமாக வெளியே போகிற இடைவெளி இருக்கிறது. தனியாக மேல்கம்பி, இடைக்கம்பி போட்டே ஆகவேண்டும். மூன்று, அந்தக் குறுக்குக் கம்பியிலேயே காலை வைத்து ஏறுவது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நம் கட்டடத்தில் எச் ஃபிரேமுக்கு இன்னொரு இடைஞ்சல், சந்து. வழக்கமான ஃபிரேம் 1.2 மீட்டர் அகலம். சுவரிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தினால் ஒன்றரை மீட்டர் சந்து முழுவதும் அடைந்துவிடும். நடக்க வழி இல்லை, கலவை கொண்டுபோக வழி இல்லை.

கப்லாக் இங்கேதான் கைகொடுக்கிறது. நிற்கும் காலில் அரை மீட்டருக்கு ஒன்றாக ஒரு கிண்ணம் பற்றவைத்திருக்கும். மேலே வழுக்கி வரும் இன்னொரு கிண்ணம் அதே காலில் கழலாமல் இருக்கும். கிடைக்கம்பின் நாக்கைக் கீழ்க் கிண்ணத்தில் வைத்து, மேல் கிண்ணத்தை இறக்கிச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் பூட்டிக்கொள்ளும். ஒரே கணுவில் நாலு திசையிலும் நாலு கம்பு சேரலாம். போல்ட், நட் எதுவும் தொலைவதற்கில்லை. தளம் எந்த உயரத்தில் வேண்டும் என்பதை அரை மீட்டர் படியாக மாற்றிக்கொள்ளலாம். அகலத்தையும் கம்பின் நீளத்தைப் பொறுத்து நாமே தீர்மானிக்கலாம். சந்துக்கு 0.9 மீட்டர் கம்பு, தெருப்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 1.2 மீட்டர் கம்பு என்று ஒரே சாமானில் இரண்டு அகலம் கட்ட முடிகிறது.

குறை இல்லாமல் இல்லை. நம் ஊர் வாடகைக் கடைகளில் கப்லாக் பெரும்பாலும் சென்ட்ரிங் முட்டுக்காக, அதாவது கான்கிரீட் இறுகும்வரை கீழிருந்து தாங்குவதற்காக, வாங்கி வைத்தது. அங்கே மேலிருந்து வரும் எடையைத் தாங்கினால் போதும். சாரத்துக்கு அதோடு பக்கவாட்டு ஆட்டத்தையும் தாங்கவேண்டும். அதற்குச் சாய்வுக் கம்பு வேண்டும். கடைக்காரர் அனுப்பும் லாரியில் சாய்வுக் கம்பு வராது, நாமும் கேட்பதில்லை. தனியாகப் பைப்பும் சுழலும் கிளாம்ப்பும் கேட்டு வாங்கி, அடியிலிருந்து உச்சி வரை போடச் சொல்லவேண்டும். சாய்வு இல்லாத கப்லாக் சாரத்தின் உச்சியில் நின்றால் மேசை ஆடுவதுபோல் ஆடும். அதில் நின்றவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும்.

பைப்பும் கிளாம்ப்பும் எந்த வளைவுக்கும் எந்த மூலைக்கும் ஒத்துப்போகும். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் யாரோ ஒருவர் நட்டை முழுதாக முறுக்கினாரா என்பதில் தொங்குகிறது. முழுச் சாரத்தையும் இதில் கட்டத் தேர்ந்த ஆள் வேண்டும். பால்கனித் திருப்பத்துக்கும் மூலைக்கும் மட்டும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கயிற்றில் தொங்கும் ஊஞ்சலை வெளிப்பூச்சுக்கு நினைக்கவே கூடாது. பெயிண்ட் வேலைக்கு என்றாலும், ஊஞ்சல் கட்டிய இடம் வேறு, உடம்பில் மாட்டிய பாதுகாப்புக் கயிறு கட்டிய இடம் வேறாக இருந்தால் மட்டுமே ஒப்புக்கொள்வேன். வீட்டுக்குள் உயரமான ஹாலுக்குச் சக்கரம் வைத்த அலுமினியக் கோபுரம் நல்லது. ஆள் மேலே இருக்கும்போது தள்ளக்கூடாது என்ற ஒன்றை மட்டும் காப்பாற்றினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

வாடகைக் கடையில் பொறுக்கும்போது ஒரு தராசு இருந்தால் நல்லது. 48.3 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள பைப், மீட்டருக்கு மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆறு மீட்டர் பைப் 21 கிலோ. அதே விட்டத்தில் 2 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் 14 கிலோதான் வரும். வெளியில் பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. துருப்பிடித்து உள்ளே கரைந்த பைப்பும் தராசில் மாட்டிக்கொள்ளும்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதையும் இங்கேயே பேசிவிடலாம். பூச்சுவேலை மாதிரியான பொது வேலைக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ என்று ஐரோப்பியத் தரக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறது. 1.8 மீட்டருக்கு 1.2 மீட்டர் உள்ள ஒரு கட்டத்துக்கு அது ஏறத்தாழ 430 கிலோ. இரண்டு கொத்தனார், ஒரு சித்தாள் சேர்ந்து 200 கிலோ. ஐந்து சட்டி கலவை 100 கிலோ. மீதம் 130. இந்த நேரத்தில் கைப்பிடிச் சுவரில் விட்டுப்போன பகுதிக்கு என்று ஐம்பது செங்கல்லைக் கொண்டுவந்து அடுக்கினால், கல் ஒன்று மூன்று கிலோ என்று வைத்தால்கூட, எல்லை தாண்டிவிட்டது. சாரத்தில் செங்கல் அடுக்காதே என்று மேஸ்திரி கத்துவதற்குக் கணக்கு இதுதான். 0.9 மீட்டர் அகலமுள்ள சந்துப் பக்கத்தில் இன்னும் குறைவு.

இனி, எந்தச் சாரமானாலும் விழவைப்பது எது என்று பார்க்கலாம். என் அனுபவத்தில் இரும்பு முறிந்து விழுந்த சாரத்தைவிட, கால் புதைந்தும் பிடி விட்டும் சாய்ந்த சாரம்தான் அதிகம்.

புதுக் கட்டடத்தைச் சுற்றியுள்ள மண்ணில் மிகவும் இளகிய மண் எது? அஸ்திவாரத்துக்குத் தோண்டித் திரும்ப நிரப்பிய மண். சாரத்தின் உள்கால் சரியாக அதன் மேல்தான் நிற்கிறது. அதன் மேல் வாரக்கணக்கில் பூச்சுக்கு ஊற்றுகிற தண்ணீர் வழிந்து இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை என்றால் கேட்கவே வேண்டாம். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, ஐந்து சென்டிமீட்டர் தடிப்புள்ள நீளப் பலகையை இரண்டு காலுக்காவது சேர்த்துப் போட்டு, அதன் மேல் அடித்தட்டும், காலின் உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் ஜாக்கியும் வைக்கவேண்டும். செங்கல்லை முட்டுக் கொடுப்பது கூடாது, அது வெடித்துச் சிதறும். செப்டிக் டேங்க் மூடி மேல் கால் வரக்கூடாது. அந்த இடத்தில் தாண்டிப் போகும்படி கட்டவேண்டும்.

அடுத்தது சுவர்ப்பிடி. 13 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம் என்றால் உயரம் அகலத்தைப்போல் பத்து மடங்கு. அமெரிக்க விதி நாலு மடங்கைத் தாண்டினாலே பிடி கட்டாயம் என்கிறது. நிமிர்ந்த அகப்பையைப்போல் நிற்கும் இதைச் சாயாமல் வைத்திருப்பது சுவரோடு உள்ள பிடி மட்டும்தான். உயரத்தில் நாலு மீட்டருக்கு ஒன்று, நீளத்தில் ஆறு மீட்டருக்கு ஒன்று என்று தூணிலோ பீமிலோ ஆங்கர் போல்ட் அடித்துக் கட்டச் சொல்வேன். செங்கல் சுவரில் அடித்த ஆணி பிடியாகாது. பச்சை வலை போர்த்தினால் சாரம் பாய்மரம் ஆகிவிடுகிறது. அப்போது பிடியை இரட்டிப்பாக்க வேண்டும்.

பூசிக்கொண்டு வரும் கொத்தனாருக்கு இந்தப் பிடி இடைஞ்சல். கரணை போகும் வழியில் நிற்கும். அவர் கழற்றிவிட்டுப் பூசுவார், திரும்ப மாட்ட மறப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் புதுப் பிடி போட்ட பிறகுதான் பழையதை எடுக்கவேண்டும், அதையும் சாரக்காரர் மட்டுமே செய்யவேண்டும் என்று முதல் நாளே சொல்லி, அந்தச் சாரக்காரரைச் சைட்டிலேயே இருக்க வைப்பதுதான் வழி.

வலையைப் பற்றி இன்னொரு வார்த்தை. ஹாங்காங்கில் 2025 நவம்பர் 26 அன்று தாய் போ பகுதியில் பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடித்து 150 பேருக்கும் மேல் இறந்தார்கள். மூங்கில் சாரத்தைப் பற்றித்தான் உலகம் பேசியது. ஆனால் தீ அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு, சாரத்தில் போர்த்திய வலையும் ஜன்னல்களை மூடிய ஃபோம் அட்டையும் விசாரணையில் முக்கியமாக அடிபட்டன. தீ பிடிக்காத வகை வலையா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு துண்டை வெட்டி, எட்டத்தில் வைத்துத் தீக்குச்சி காட்டினால் தெரிந்துவிடும்.

மின்கம்பிக் கணக்கைப் பலர் தவறாகப் போடுகிறார்கள். 11 கிலோவோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் நடுவில் பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது மின் பாதுகாப்பு விதி. கட்டடம் விதிப்படி தள்ளித்தான் நிற்கிறது என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் சாரம் நிற்கப்போவது அந்த இடைவெளிக்குள். இரும்பானாலும் ஈரச் சவுக்கானாலும் ஆபத்து ஒன்றே. அதைவிட, ஆறு மீட்டர் பைப்பைக் கையில் நிமிர்த்தித் திருப்புகிற கணம்தான் உயிரை வாங்குகிறது. மின்வாரியத்துக்கு எழுதிக்கொடுத்து, தெருப்பக்கம் சாரம் ஏற்றும் நாட்களிலும் பிரிக்கும் நாட்களிலும் மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துக்கு மூன்று மீட்டருக்கு மேல் நீளமான பைப்பே வரக்கூடாது என்று கடையில் சொல்லிவிடுங்கள். இதற்கும் கப்லாக்கே வசதி.

ஏறும் வழிக்கு வருகிறேன். சாரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் நிற்கும் இடத்தைப் பேசுகிறார்கள், போகும் வழியைப் பேசுவதில்லை. தலையில் சட்டியோடு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, குறுக்குக் கம்பியில் கால் வைத்து ஏறுகிற சித்தாளைப் பார்க்காத சைட் நம் ஊரில் உண்டா? ஒரு நாளைக்கு எத்தனை நடை! இதற்குச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. கட்டடத்துக்குள் படிக்கட்டு ஏற்கெனவே கட்டி முடிந்திருக்கிறது. சாரத்தின் தளத்தை ஒவ்வொரு மாடியின் தளத்தோடும் ஒட்டிவரும்படி அமைத்து, பால்கனி வழியாகவோ ஜன்னல் திறப்பு வழியாகவோ உள்ளிருந்தே போகவிடலாம். ஜன்னல் கிரில்லை ஒரு திறப்பில் மட்டும் கடைசியாக மாட்டினால் போதும். நடுத் தளங்களுக்கு ஏணி, நாலு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு சாய்வு, தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டு, இரண்டு இடத்தில் கட்டியிருக்கவேண்டும். கலவைக்குக் கப்பியோ சின்ன மோட்டார் லிஃப்டோ வையுங்கள்.

என் வேலை ஒன்றில், பல வருடத்துக்கு முன், தளப்பலகை ஒன்றின் முனை தாங்குகம்பைத் தாண்டி அரை மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் அதைப் பார்த்தேன், டிபன் முடித்து வந்து சொல்லலாம் என்று கடந்துபோனேன். வந்தபோது சித்தாளாக இருந்த அக்கா அந்த முனையில் கால் வைத்து, பலகை புரண்டு எட்டடியிலிருந்து விழுந்திருந்தார். மணிக்கட்டு முறிந்தது. ஆறு மாதம் அவரால் சட்டி தூக்க முடியவில்லை. பலகை முனை, தன் தடிப்பைப்போல் நாலு மடங்குக்கு மேல் நீட்டக்கூடாது. அதைத் தாண்டினால் வெட்டவோ கட்டவோ வேண்டும். நானே போய் அந்த நொடியில் இழுத்துக் கட்டியிருக்கலாம்.

அதே காரணத்தால், சன்ஷேடு உள்ள பக்கத்தை விசேஷமாகப் பாருங்கள். அறுபது சென்டிமீட்டர் சன்ஷேடைத் தாண்டிச் சாரம் நிற்கும்போது, அதற்குக் கீழே சுவருக்கும் தளத்துக்கும் நடுவில் ஆள் விழும் அளவு இடைவெளி வந்துவிடுகிறது. தடுப்பு எப்போதும் வெளிப்பக்கம்தான் போடுகிறோம், விழுவது உள்பக்கமாக. உள்ளே ஒரு பலகை அகலத்துக்குத் தாங்கி நீட்டி இடைவெளியை மூடவேண்டும். வெளிப்பக்கம் ஒரு மீட்டர் உயரத்தில் மேல்கம்பி, நடுவில் இடைக்கம்பி, கீழே பதினைந்து சென்டிமீட்டர் கால்பலகை. கால்பலகை இல்லாவிட்டால் கரணை உதைபட்டுக் கீழே நிற்பவர் தலையில் விழும்.

சேஃப்டி பெல்ட் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைப்பவர்கள் உண்டு. எதில் மாட்டுவது? சாரத்தின் கம்பியிலேயே மாட்டினால் சாரம் விழும்போது ஆளும் போவார். மாடித் தூணில் கட்டிய தனிக் கயிறு வேண்டும். சாரம் கட்டுபவருக்கும் பிரிப்பவருக்கும் அது கட்டாயம்.

பிரிட்டனில் ஏழு நாளைக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவர் சாரத்தைப் பார்த்து எழுதிவைக்கவேண்டும் என்பது சட்டம். நம்மிடமும் ஐ.எஸ். 3696 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. 1987-இல் வந்த முதல் பாகம் சாரத்துக்கு, 1991-இல் வந்த இரண்டாம் பாகம் ஏணிக்கு. இத்தனை சின்ன சைட்டில் அதைப் புரட்டிப் பார்ப்பவர் அரிது. திங்கள் காலையிலும், மழைக்கும் பெருங்காற்றுக்கும் மறுநாளும், அடித்தட்டிலிருந்து உச்சி வரை ஒரே ஆள் நடந்து பார்த்து, ஏறும் வாயிலில் பச்சை அட்டையோ சிவப்பு அட்டையோ தொங்கவிட்டால் போதும். சிவப்பு தொங்கினால் வீட்டுக்காரரே வந்தாலும் ஏறக்கூடாது.

ஆக, நம் கட்டடத்துக்கு என் முடிவு: நாலு பக்கமும் கப்லாக், சந்தில் 0.9, மற்ற இடத்தில் 1.2, மூலைகளில் மட்டும் பைப் கிளாம்ப். பின்பக்கத்துக்கு எச் ஃபிரேம் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் இரண்டு வகையையும் ஒன்றோடொன்று இணைக்கக்கூடாது.

செலவு கூடும், மறைக்கவில்லை. அதனால்தான் இதை மேஸ்திரியின் சதுர அடிக் கூலிக்குள் புதைக்கக்கூடாது என்கிறேன். கூலிக்குள் புதைத்தால், சாரத்தில் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாயும் அவருக்கு லாபம். நல்ல மனிதரைக்கூட அது தவறான பக்கம் தள்ளும். ஒப்பந்தத்தில் சாரத்துக்குத் தனி வரி, தனித் தொகை எழுதுங்கள். சுற்றளவும் உயரமும் பெருக்கினால், மூலைகளையும் சேர்த்து, நம் கட்டடத்துக்குச் சுமார் 650 சதுர மீட்டர், அதாவது ஏழாயிரம் சதுர அடி முகப்பு வரும். அந்த அளவுக்கு வாடகை, லாரி போக்குவரத்து, கட்டுகூலி, பிரிகூலி, சாய்வுக் கம்பு, தளப்பலகை, ஏணி, வலை, சாரக்காரரின் தினக்கூலி என்று தனித்தனியே விலை கேளுங்கள். மழையில் நின்றுபோகும் நாட்களின் வாடகையை யார் தருவது என்பதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் வாடகை ஓடுகிறதே என்று அவசரமாகப் பிரிப்பார்கள். பூச்சுக்கு ஒருமுறை, பெயிண்ட்டுக்கு ஒருமுறை என்று இரண்டு தரம் கட்டுவதைவிட, பூச்சு ஆறி முதல் பூச்சு பெயிண்ட் முடியும்வரை ஒரே சாரத்தை நிறுத்துவது பல நேரம் மலிவாகவே முடிகிறது.

பிரிக்கும் நாளுக்கும் அதே தொகையில் பங்கு வையுங்கள். அன்று எல்லோருக்கும் வேலை முடிந்துவிட்ட நினைப்பு வந்துவிடும். பிடிகளை முதலில் கழற்றிவிட்டுப் பிறகு மேலே ஏறுவார்கள், பைப்பை மேலிருந்து வீசுவார்கள். மேல் தட்டைப் பிரித்து, கயிற்றில் இறக்கி, அந்தத் தட்டுக்கான பிடியைக் கடைசியில் கழற்றி, பிறகு அடுத்த தட்டுக்கு இறங்கவேண்டும். சந்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி ஆளை நிறுத்துங்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அந்த வழியாகத்தான் ஓடி விளையாடுவார்கள்.